4294967297: ஒரு பெரிய எண்ணை ஆராய்வது எப்படி?

ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து "இது பகா எண்ணா, பார்த்துச் சொல்" என்றால் நம்மில் பலர் உடனே வகுக்க ஆரம்பித்துவிடுவோம். 3-ஆல் போகுமா, 7-ஆல் போகுமா, 11-ஆல் போகுமா என்று நாலைந்து முறை பார்த்ததும் அலுப்புத் தட்டிவிடும். எண் எங்கிருந்து வந்தது, அதன் அமைப்பு என்ன என்று முதலில் விசாரித்துவிட்டு வகுக்கப் போனால் வேலை பெருமளவு குறையும். அதை ஒரே ஓர் எண்ணை வைத்துச் செய்துபார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

எண்: 4294967297. நம் வழக்கப்படி படித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. தாள், பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், இவ்வளவு போதும். வகுத்தால் மீதி எவ்வளவு என்று கணக்கிடத் தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் போகிற போக்கில் பிடிபட்டுவிடும்.

முதல் வேலை: பூர்வீகம் விசாரிப்பது

கால்குலேட்டரில் எண்ணை அடித்து வர்க்கமூலத்தை அழுத்துங்கள். 65536.0000076 என்று வரும். இவ்வளவு பெரிய எண்ணின் வர்க்கமூலம் ஒரு முழு எண்ணை இப்படி ஒட்டிக்கொண்டு நிற்பது சும்மா நடப்பதில்லை. 65536-ஐ வர்க்கப்படுத்தினால் 4294967296. நம் எண் அதைவிட 1 கூடுதல். 65536 என்பதோ 2-ஐ 16 முறை பெருக்கினால் வருவது. ஆக நம் எண் 2³² + 1.

வர்க்கமூலம் கைகொடுக்காத எண்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒற்றைப்படை எண் கிடைத்தால் 1 கழித்தோ கூட்டியோ பாதியாக்கிக்கொண்டே போங்கள். எத்தனை முறை பாதியாக்க முடிகிறது என்பதே ஒரு தகவல். 4294967296-ஐ 32 முறை பாதியாக்கினால் சரியாக 1-இல் வந்து நிற்கும்.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று வைத்துக்கொண்டே போகும் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலகையில் முதல் பாதி நிரம்பும்போது மொத்தம் 4294967295 தானியம் இருக்கும். அடுத்த பாதியின் முதல் கட்டத்தில், அதாவது 33ஆம் கட்டத்தில், 4294967296 தானியம் வைக்க வேண்டும். நம் எண் அதற்கும் அடுத்த எண்.

இரும முறையில் எழுதினால் 1, பிறகு 31 பூச்சியங்கள், கடைசியில் இன்னொரு 1. மொத்தம் 33 இலக்கம். கணினியில் 32 பிட் இடத்தில் இதைப் போட்டால் முன்னால் இருக்கும் 1 வெளியே விழுந்து வெறும் 1 மட்டும் மிஞ்சும். நிரல் எழுதிப் பார்க்கிறவர்கள் 64 பிட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: சின்ன எண்களை ஒரேயடியாகக் கழித்துக்கட்டுவது

கடைசி இலக்கம் 7. எனவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது, முழு வர்க்கமாகவும் இருக்க முடியாது (வர்க்க எண்கள் 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில்தான் முடியும்). இலக்கங்களைக் கூட்டினால் 59. அது 3-ஆல் வகுபடாததால் எண்ணும் 3-ஆல் வகுபடாது.

7, 11, 13 மூன்றுக்கும் தனித்தனியாக வகுக்க வேண்டாம். 7 × 11 × 13 = 1001 என்பதால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 297, 967, 294, 4. ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே வாருங்கள். 297 − 967 + 294 − 4 = −380. இந்த 380 அந்த மூன்றில் எதனாலும் வகுபடவில்லை, எனவே நம் எண்ணும் வகுபடாது. எந்தப் பெரிய எண்ணுக்கும் இது செல்லும், பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூர்வீகம் தெரிந்ததால் கிடைக்கும் ஒரு பரிசு. நம் எண்ணில் 2 கழித்தால் வரும் 4294967295 இப்படிப் பிரியும்:

3 × 5 × 17 × 257 × 65537

அதனால் இந்த ஐந்து பகா எண்களில் எதனால் நம் எண்ணை வகுத்தாலும் மீதி 2 தான். ஐந்தும் ஒரே மூச்சில் பட்டியலிலிருந்து போய்விட்டன.

இவை ஏதோ ஐந்து எண்கள் அல்ல. 2 + 1, 4 + 1, 16 + 1, 256 + 1, 65536 + 1 என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 1-ஐக் கழித்தால் கிடைப்பதை வர்க்கப்படுத்தி 1 கூட்டினால் அடுத்தது வரும். நம் எண் அந்த வரிசையில் ஆறாவது.

ஃபெர்மா ஏன் ஏமாந்தார்?

17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துலூஸ் நகரில் நீதித்துறைப் பதவி வகித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்டவர் பியேர் டி ஃபெர்மா. இந்த வரிசையின் முதல் ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்டு, வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் கடிதத்தில் எழுதினார். நிறுவல் கைவசம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. இருந்தாலும் அது சரிதான் என்று நம்பினார்.

ஏறக்குறைய 90 ஆண்டுகள் யாரும் அதை அசைக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளம் கணித அறிஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிக் கேட்டார். (1729 என்ற ஆண்டைப் பார்த்ததும் அதே பெயர்பெற்ற ராமானுஜன் எண் நினைவுக்கு வந்தால் தவறில்லை. ஆனால் அது வெறும் தற்செயல்.) 1732-இல் ஆய்லர் பதில் சொன்னார்: 4294967297 பகா எண் அல்ல, 641-ஆல் வகுபடுகிறது. அப்போது அவருக்கு வயது 25. எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அந்தக் கட்டுரையில் விளக்கவில்லை. அதற்கு அடிப்படையான நிறுவலைப் பிற்பாடுதான் வெளியிட்டார். அந்த வழியைத்தான் இப்போது நாமும் பின்பற்றப் போகிறோம்.

மூன்றாவது: எந்தெந்த எண்ணால் வகுத்துப் பார்ப்பது?

கண்ணை மூடிக்கொண்டு போனால் 65536 வரையிலான எல்லாப் பகா எண்களையும் பார்க்க வேண்டும். மொத்தம் 6542. இங்கேதான் பூர்வீகம் உதவுகிறது.

ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ அதால் வகுக்கும்போது 1 குறையும், அதாவது மீதி −1 என்று சொல்லலாம். −1-ஐ வர்க்கப்படுத்தினால் 1. எனவே 2⁶⁴-இன் மீதி 1. 2-இன் அடுக்குகளை அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால் 64 படிக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வரும். அதைவிடச் சின்னச் சுற்றாக இருக்க முடியாதா? முடியாது. சுற்றின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும், அது 64-ஐவிடச் சிறியது என்றால் 32-ஐயும் வகுக்கும், அப்போது 32ஆவது அடுக்கில் மீதி 1 ஆகியிருக்கும். ஆனால் அங்கே இருப்பது −1.

இன்னொரு பக்கம் ஃபெர்மாவின் சிறு தேற்றம் இருக்கிறது. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட 1 குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினால் மீதி 1. எனவே பகா எண்ணில் 1-ஐக் கழித்தால் வருவது 64-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும்.

நம் எண்ணைப் பிரிக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும் என்று ஆகிறது. வரிசை இது: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இதில் பகா எண்கள் மட்டும்: 193, 257, 449, 577, 641. 257 ஏற்கெனவே போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தச் சிறு தேற்றத்தை ஃபெர்மா கடிதத்தில் எழுதியதும் அதே 1640-இல்தான். தன் ஊகத்தை உடைக்கும் கருவியைத் தானே செய்து வைத்திருந்தார். அது கூட வேண்டாம், பகா எண்களை 2-இலிருந்து வரிசையாகப் போட்டு வகுத்திருந்தால்கூட 641 என்பது 116ஆவது பகா எண். பொறுமையுள்ள ஒருவருக்கு அது ஒன்றிரண்டு நாள் வேலைதான்.

நான்காவது: பத்து இலக்க எண்ணைத் தொடாமலே வகுப்பது

4294967297-ஐ நேராக வகுக்கவும் செய்யலாம். ஆனால் வர்க்கம், மீதி, வர்க்கம், மீதி என்று போகும் வழி சுலபமானது, எண்கள் சின்னதாகவே இருக்கும். 2⁸ = 256-இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி மீதி எடுத்தால் 2¹⁶-இன் மீதி. அதையும் வர்க்கப்படுத்தி மீதி எடுத்தால் 2³²-இன் மீதி. கடைசியில் 1 கூட்டினால் வகுக்கும் எண்ணே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது காரணி.

193-க்கு: 256-இன் மீதி 63. 63² = 3969, மீதி 109. 109² = 11881, மீதி 108. 1 கூட்டினால் 109. இல்லை.

449-க்கு: 256² = 65536, மீதி 431. இதை −18 என்று வைத்துக்கொண்டால் கணக்கு லேசாகும். 18² = 324. 1 கூட்டினால் 325. இல்லை.

577-க்கு: 65536-இன் மீதி 335. 335² = 112225, மீதி 287. 1 கூட்டினால் 288. இதுவும் இல்லை.

641-க்கு: 65536-இல் 641 × 102 = 65382 போக மீதி 154. 154² = 23716. அதில் 641 × 36 = 23076 போக மீதி 640. 1 கூட்டினால் 641.

அகப்பட்டுவிட்டது. 4294967297 = 641 × 6700417. பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதையே வகுக்காமல் காட்டவும் முடியும், எனக்கு மிகவும் பிடித்த நிறுவல் இது. 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴ (625 + 16). முதல் வரியின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1. நாலாம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வரியின்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1. முடிந்தது. கால்குலேட்டருக்கு இங்கே வேலையே இல்லை.

1812-இல் லண்டனுக்கு அழைத்து வரப்பட்ட ஜெரா கோல்பர்ன் என்ற எட்டு வயது அமெரிக்கச் சிறுவன், இந்த எண்ணைச் சொன்னதும் மனக்கணக்காகவே 641 என்று சொன்னதாகக் குறிப்புகள் இருக்கின்றன. நம்மால் அது ஆகாது, நாம் தாளோடு இருப்போம்.

ஐந்தாவது: மிச்சப் பாதி பகா எண்தானா?

ஒரு காரணி கிடைத்த சந்தோஷத்தில் இதை விட்டுவிடக் கூடாது. 6700417 இன்னும் பிரியலாம். அதன் வர்க்கமூலம் சுமார் 2588. அதுவரை பார்த்தால் போதும். 1878-இல் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆய்லரின் விதியை இன்னும் இறுக்கி, 64 இருந்த இடத்தில் 128 போடலாம் என்று காட்டினார். அதன்படி 2588-க்குள் பார்க்க வேண்டிய பகா எண்கள் 641, 769, 1153, 1409 மட்டும்தான். 257-ஐ மறுபடி பார்க்க வேண்டாம்.

மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூச்சியம் இல்லை. எனவே 6700417 பகா எண். ஏழு இலக்க எண்ணுக்கு நாலே நாலு வகுத்தல்!

பிரித்தபின் கிடைப்பவை

காரணிகள் தெரிந்துவிட்டால் பல விவரங்கள் ஒரு நிமிட வேலை. வகுக்கும் எண்கள் மொத்தம் நான்கு: 1, 641, 6700417, அந்த எண். நான்கின் கூட்டுத்தொகை 4301668356. எண்ணைத் தவிர்த்து மற்ற மூன்றையும் கூட்டினால் 6701059 தான், எண்ணுக்கு எங்கேயோ கீழே. 1 முதல் 4294967297 வரை, இதோடு 1-ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை என்றால் 640 × 6700416 = 4288266240. இணையத்தில் பரவலாக இருக்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அங்கே காரணிகள் நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்டவை, பிரிக்க முடியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டு வர்க்கங்களின் கூட்டல் என்ற பகுதியில் கொஞ்சம் நிற்கலாம், இந்த எண்ணில் அழகான இடம் அது. 65536² + 1² என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத ஒரே ஒரு வழிதான் உண்டு. இரண்டு வழி கிடைத்தால் அது பகு எண். நம் எண்ணுக்கு இரண்டாவது வழி இருக்கிறதா?

641 = 25² + 4². மற்ற காரணிக்கு: 25 × 65536 − 4-ஐ 641-ஆல் வகுத்தால் 2556. 4 × 65536 + 25-ஐ வகுத்தால் 409. ஆக 6700417 = 2556² + 409². இப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் அதையும் இரண்டு வர்க்கங்களாக எழுதலாம், அதுவும் இரண்டு விதமாக. 7ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் எழுதி வைத்த விதியில் இது அடங்கும். 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் பழைய 65536. கழித்தால் 62264. அதன் துணை 25 × 409 + 4 × 2556 = 20449. எனவே

4294967297 = 62264² + 20449²

20449 என்பதே 143-இன் வர்க்கம் என்பது உபரிச் செய்தி. இதனால் எதுவும் நிரூபணமாகாது, ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது.

இதைத் திருப்பியும் ஓட்டலாம். இரண்டு வழிகளும் தெரிந்து காரணி தெரியாவிட்டால்: 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448, இரண்டின் மீப்பெரு பொதுக்காரணி 8. 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450, மீப்பெரு பொதுக்காரணி 50. 8, 50 இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. 4² + 25² = 641.

ஒரு கண்ணி

பெரிய எண்களைச் சோதிக்க இன்றும் முதலில் செய்வது ஃபெர்மா சோதனை. எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் நிச்சயம் பகு எண். வந்தால் பகா எண்ணாக இருக்கலாம், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் வழுக்குவது இந்த "இருக்கலாம்" என்ற இடத்தில். 4294967297 இந்தச் சோதனையில் தேறிவிடும்! 2⁶⁴-இன் மீதி 1 என்று மேலே பார்த்தோமே, 2³² என்ற அடுக்கு 64-இன் மடங்கு, எனவே அங்கும் மீதி 1.

தீர்வு எளிது, 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் செய்யுங்கள். அப்போது மீதி 3029026160. குட்டு உடைந்துவிடும். இந்த வரிசை எண்களுக்கென்றே 3-ஐ வைத்து உறுதியான ஒரு சோதனையை 1877-இல் பெப்பான் என்ற கணித அறிஞர் வகுத்தார். கணினியில் செய்கிறவர்களுக்கு ஒரு சொல்: எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் காக்காது, பத்து இலக்க எண்ணை வர்க்கப்படுத்தினால் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை.

பகா எண் அல்ல என்று ஆனதால் வடிவியலிலும் ஒரு விளைவு உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்ற கேள்விக்கு, 1796-இல் 17 பக்கப் பலகோணத்தில் தொடங்கி கணித அறிஞர் காஸ் வழிகாட்டினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அது இந்த வரிசையின் வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நம் எண் அந்தத் தகுதியை இழந்தது. ஆனால் அதைவிட 2 குறைந்த 4294967295 இருக்கிறதே, இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கைகளில் அதுதான் மிகப் பெரியது.

அடுத்து எதை எடுப்பது?

சின்னதாக ஒன்று வேண்டுமென்றால் 10000000000000001. 1, நடுவில் 15 பூச்சியம், 1. நம் எண்ணின் இரும வடிவம் போலவே இது பதின்ம முறையில். அதாவது 10¹⁶ + 1. மேலே செய்ததுபோல் 641-ஐ வைத்து 100, 10000 என்று வர்க்கம் எடுத்துக்கொண்டே போங்கள். மீதிகள் 385, 154, 640. அதே 154, அதே 640! இதற்கும் 641 ஒரு காரணி.

கொஞ்சம் கடினமானது வேண்டுமென்றால் வரிசையின் அடுத்த எண், 2⁶⁴ + 1 = 18446744073709551617. லூக்காவின் விதிப்படி காரணிகள் 256-இன் மடங்கோடு 1 கூட்டியவை. இதை 1880-இல் ஃபோர்ச்சுனே லாண்ட்ரி என்பவர் தன் 82ஆம் வயதில் பிரித்தார்: 274177 × 67280421310721. முதல் காரணி 256 × 1071 + 1. போன் கால்குலேட்டரிலேயே சரிபார்க்கலாம். 65536-ஐ வர்க்கப்படுத்தி 274177-ஆல் வகுத்தால் மீதி 258768. அதை −15409 என்று எடுத்துக்கொண்டு வர்க்கப்படுத்தினால் 237437281. அதன் மீதி 274176 வந்தால் உங்கள் கணக்கு சரி.